விண்மீன்களை அளந்த வரலாறு

மக்கள் வாழும் இடமெங்கும் வானம் ஒன்றே. எனினும் அவ்வானத்தைக் காணும் பேறு எல்லா ஊரார்க்கும் ஒத்ததாய் அமைவதில்லை. மின்விளக்குகள் நிறைந்த பட்டினங்களிலே வாழ்வோர் அண்ணாந்து பார்த்தால் எண்ணத்தக்க சில வெள்ளிகளையே காண்பர். கிழக்கே வங்கக் கடலும் மேற்கே களப்பும் காடும் சூழ்ந்த நம் நாயாற்றுக் கரையிலோ, நிலவில்லாத தெளிந்த இரவிலே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை வெறுங்கண்ணாலேயே காணலாம். நாம் ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் இருத்தலால், கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அம்முட்டியின் உயரமளவே துருவ நட்சத்திரம் வட அடிவானத்துக்கு மேல் நிற்கும். தெற்கே திரும்பினால் தென்சிலுவையும் அகத்தியரும் அவ்வக் காலத்திலே தோன்றுவர். வடவானம் தென்வானம் என்னும் இரண்டினையும் ஓரிடத்தில் நின்றே காண்பதற்கு இதனினும் நல்ல இடம் அரிது.

இவ்வாறு காணும்போது சிறு பிள்ளைக்கும் தோன்றும் கேள்வி ஒன்றுண்டு. ஒரு வெள்ளி பளிச்சென்று எரிகின்றது; அதன் அருகே மற்றொன்று இருக்கின்றதோ இல்லையோ என்று ஐயுறும்படி மங்கி நிற்கின்றது. இவ்வேறுபாடு ஏன்? ஒளி மிக்கது பெரியதோ? மங்கியது சிறியதோ? கண் உடனே "ஆம்" என்று விடை கூறும். கண் கூறிய அவ்விடை பிழையென்று அறிய மனிதகுலத்துக்கு ஈராயிரம் ஆண்டு வேண்டியிருந்தது. அவ்வரலாற்றின் அத்தியாயங்கள் சில நமக்கு அயலிலுள்ள சென்னையிலே எழுதப்பட்டவை. நம்மவரும் அவற்றிலே பங்கு கொண்டனர். நாம் நாள்தோறும் பெயர் சொல்லும் திருவாதிரைக்கும் அதில் ஒரு சிறப்பான இடம் உண்டு. சங்கத்து இளைஞரும் மூத்தோரும் ஒருங்கே அறியத்தக்க செய்தியாதலின் அதனை இங்கே சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

முன்னோர் வகுத்த தரங்கள்

நம் முன்னோர் வானத்தை ஊன்றி நோக்கியவர்கள். சந்திரன் செல்லும் வழியை 27 நட்சத்திரங்களாக வகுத்து, ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டத்திலும் அடையாளமாக ஒரு மீனைக் கொண்டு அதனை யோகதாரை என்றனர். ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை என்பன எளிதிற் காணத்தக்க ஒளி மிக்க மீன்கள். கார்த்திகையோ சிறு மீன்கள் நெருங்கிய கூட்டம். ஆதலால் தமிழர் அதனை அறுமீன் என்றனர். வடவானத்து அருந்ததியை வடமீன் என்று சங்கத் தமிழர் போற்றினர். அகத்தியரின் உதயத்தைப் பற்றி 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தமது பிருகத் சங்கிதையிலே தனி அத்தியாயமே வகுத்துள்ளார்.

மேற்றிசையிலே கிறித்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஹிப்பார்க்கசு நூற்றுக்கணக்கான மீன்களின் இடங்களைக் குறித்து அட்டவணை செய்தார். கிறித்துவுக்குப் பின் 2ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மீன்களை ஆறு தரங்களாகப் பிரித்து எழுதிவைத்தார். மிக்க ஒளியுடையவை முதலாந்தரம். கண்ணுக்கு அரிதிற் புலப்படுபவை ஆறாந்தரம். 10ஆம் நூற்றாண்டில் பாரசீகத்து அறிஞர் அல் சூபி அவ்வட்டவணையை எடுத்து, ஒவ்வொரு மீனையும் மீண்டும் தம் கண்ணாற் கண்டு தரங்களைத் திருத்தினார்.

இத்தரங்களைப் 'பருமன்' என்னும் பொருள்படவே பண்டை மேலை நூலார் அழைத்தனர். ஒளி மிக்க மீன் உருவிலும் பெரியது என்னும் எண்ணம் அப்பெயரிலேயே ஒளிந்திருந்தது. தொலைநோக்கி வந்த பின்னரும் அவ்வெண்ணம் எளிதில் ஒழியவில்லை.

சென்னை வானாய்வகத்திலே

ஆறு தரங்கள் என்பது கண்ணால் வகுத்த வகுப்பேயன்றி அளவையன்று. நெல்லைப் பார்த்தே "இது ஒரு மூடை" என்று சொல்வதற்கும் தராசில் நிறுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு. விண்மீனின் ஒளிக்குத் தராசு செய்து கொடுத்தவர் நோர்மன் ரொபேட் பொக்சன் என்னும் ஆங்கிலேய வானியலாளர்.

முதலாந்தர மீனின் ஒளி ஆறாந்தர மீனின் ஒளியைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்பதை அவருக்கு முன்னிருந்தோரே கண்டிருந்தனர். 1856ஆம் ஆண்டில் பொக்சன் அதனையே விதியாக்கினார். தரங்கள் ஐந்து படி இறங்க ஒளி நூற்றில் ஒன்றாகக் குறையவேண்டும். அங்ஙனமாயின் ஒரு படிக்கு 2.512 மடங்கு வேறுபாடு. இவ்விதி எளிது. ஆனால் இதன் பின்னர் ஒளியின் தரத்தைப் பின்னமாகவும் கூறலாம். ஒன்றுக்கு மேலே பூச்சியத்துக்கும் அதற்கும் அப்பாலும் செல்லலாம். இரவு வானத்து மீன்களில் ஒளி மிக்கதான சீரியசு, வடநூலார் மிருகவியாதன் என்றழைத்தது, இவ்வளவையில் கழித்தல் 1.46 ஆகும். முழுநிலவு கழித்தல் 12.7. சூரியன் கழித்தல் 26.7. இன்று உலகெங்கும் வழங்கும் அளவை இதுவே.

நம் வீட்டு மங்கலங்களிலேயே இதற்கு உதாரணம் உண்டு. அம்மி மிதித்து அருந்ததி காட்டும் வழக்கை அறியாதார் யார்? வசிட்டரின் தரம் ஏறத்தாழ 2.2, அருகே நிற்கும் அருந்ததியின் தரம் 4.0. பொக்சன் விதிப்படி கணக்கிட்டால் வசிட்டரின் ஒளி அருந்ததியின் ஒளியைப்போல் ஐந்து மடங்கு என்று வரும்.

1861ஆம் ஆண்டில் பொக்சன் சென்னை வானாய்வகத்தின் தலைவராக வந்து சேர்ந்தார். நுங்கம்பாக்கத்திலே 1792ஆம் ஆண்டில் எழுந்த அவ்வானாய்வகம் ஏற்கெனவே புகழ் பெற்றது. அங்கே தெயிலர் என்பவர் 11,015 விண்மீன்களின் இடங்களைக் குறித்த பேரட்டவணையை 1844ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தார். அதன் கருங்கற் கம்பத்திலே தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. பொக்சன் வந்த ஆண்டிலேயே புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டு, ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதற் காணப்பட்டதாதலின் அதற்கு ஆசியா என்றே பெயரிட்டார். அதன்பின் 1891ஆம் ஆண்டில் இறக்கும் வரை முப்பது ஆண்டு அவர் சென்னையை விட்டு நீங்கவில்லை. குறைந்த ஆட்களையும் குறைந்த பொருளையும் கொண்டே அவ்வளவு காலமும் உழைத்தார்.

இரகுநாதாச்சாரியார்

பொக்சனுக்கு வலக்கையாய் இருந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரியார். பஞ்சாங்கக் கணித மரபில் வந்த இவர் இளமையிலேயே வானாய்வகத்தில் சிறு பணியிற் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து முதல் உதவியாளரானார். சென்னையிலே பொக்சன் காலத்தில் எடுத்த நட்சத்திர அவதானங்களில் பெரும்பங்கு இவருடையது. இரவிரவாக விழித்திருந்து, மீன் ஒவ்வொன்றும் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறிக்கும் வேலை அது. பெயரும் புகழும் தராத வேலை. ஆயினும் பிழை பொறாத வேலை.

1867ஆம் ஆண்டில் தென்வானத்திலே ரெற்றிக்குலம் என்னும் சிறு கூட்டத்தில் இருந்த மீன் ஒன்றை இரகுநாதாச்சாரியார் மீண்டும் மீண்டும் நோக்கி, அதன் ஒளி நிலையாக இல்லை என்பதைக் கண்டறிந்தார். அம்மீன் ஒளி மிக்க காலத்திலே ஏறத்தாழ 6.5 தரத்திலும், மங்கிய காலத்திலே ஏறத்தாழ 14 தரத்திலும் நிற்கும். ஒருமுறை பெருகிக் குறைந்து மீண்டும் பெருக ஒன்பது மாதம் அளவிற் செல்லும். பொக்சன் விதியால் இதனை அளந்தால் ஒரே மீனின் ஒளி ஆயிரம் மடங்கு ஏறி இறங்குகின்றது என்பது புலனாகும்! ஒரு மீன் இன்னொன்றிலும் ஒளியால் வேறுபடுவது மாத்திரமன்று. ஒரு மீன் தன்னிலிருந்தே வேறுபடும் என்பதை நம்மவர் ஒருவர் சென்னை வானத்திலே கண்டார். அம்மீன் நாயாற்று வானத்திலே சென்னையிற் காண்பதினும் சற்று உயரத்திலே தோன்றுவது.

1872ஆம் ஆண்டில் இலண்டன் அரச வானியற் கழகம் இவரை உறுப்பினராகத் தெரிந்தது. அச்சிறப்பினைப் பெற்ற முதல் இந்தியர் இவரே என்பர். 1874ஆம் ஆண்டு டிசெம்பரில் சுக்கிரன் சூரியனைக் குறுக்கே கடந்தபோது, பொதுமக்கள் விளங்கிக்கொள்ளும்படி உரையாடல் வடிவிலே ஒரு சிறு நூல் எழுதிப் பல மொழிகளிலும் பரவச் செய்தார். பழைய வாய்பாடுகளை மாத்திரம் நம்பிக் கணிக்கும் பஞ்சாங்கத்தை வானத்தைக் கண்டு திருத்தவேண்டும் என்பது அவர் கொள்கை. திருக்கணிதம் என்னும் சொல்லின் பொருளும் அதுவே: 'திருக்' என்றால் காண்பது; கண்டு கணித்தல் திருக்கணிதம். இன்றும் நம் வீடுகளில் வாக்கியம், திருக்கணிதம் என இரு பஞ்சாங்கங்கள் தொங்குகின்றன. விரத நாள் எதுவென்ற வாதமும் ஆண்டுதோறும் எழுகின்றது. அவ்வாதத்துக்குத் தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் வேலையன்று. மரபிலே பிறந்து, மரபை மதித்து, அதனை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் துணிந்த ஒருவர் நமக்கு முன்னே இருந்தார் என்பதே நாம் கொள்ளவேண்டியது. அவர் 1880ஆம் ஆண்டில் மறைந்தார்.

யாழ்ப்பாணமும் இவ்விடயத்தில் உறங்கியிருக்கவில்லை. 1823ஆம் ஆண்டில் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே வானசாத்திரம் பாடமாக இருந்தது. அங்கே பணியாற்றிய ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் இந்து வானசாத்திரத்தைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் 1848ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே அச்சிட்டார். பின்னர் யாழ்ப்பாணக் கல்லூரியின் கணித ஆசிரியர் ஆலன் ஏபிரகாம் 1910ஆம் ஆண்டு ஹலியின் வால்வெள்ளி வந்த காலத்தில் அதனை ஆராய்ந்தவர். அவரும் அரச வானியற் கழகத்தின் உறுப்பினரானார்.

தூரம் என்னும் திரை

ஒளியை அளந்தாயிற்று. ஆயினும் அளந்தது நம் கண்ணுக்கு எட்டிய ஒளியையே. மீனின் உண்மை ஒளியை அன்று. கரையிலே நம் பக்கத்தில் எரியும் குப்பிவிளக்கு, ஆழ்கடலிற் செல்லும் கப்பலின் பெருவிளக்கினும் பிரகாசமாகத் தோன்றும். அதனைக் கண்டு குப்பிவிளக்கே பெரிதென்று எந்த மீனவரும் மயங்கார். ஏனெனில் கப்பலின் தூரம் அவருக்குத் தெரியும். தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகும். தூரம் பத்து மடங்கானால் ஒளி நூறிலொன்றாகும். விண்மீனின் தூரம் தெரியாத வரையில் அதன் உண்மை ஒளியும் தெரியாது.

ஒரு விரலை முகத்துக்கு நேரே நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பின் மற்றக் கண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவதாகத் தோன்றும். பூமி சூரியனைச் சுற்றும்போது ஆறு மாத இடைவெளியில் நாம் இரு கண் போன்ற இரண்டு இடங்களிலிருந்து வானத்தைக் காண்கின்றோம். அண்மையிலுள்ள மீன்கள் அதனால் மிகச் சிறிதளவு இடம்மாறித் தோன்றும். இம்மாற்றத்தை அளந்து 1838ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பெசல் என்பவர் ஒரு மீனின் தூரத்தை வெளியிட்டார். தென்னாபிரிக்க முனையிலே அவதானித்த தோமசு ஹென்டர்சன் அல்பா சென்ரோரி என்னும் தென்வானத்து மீனின் தூரத்தை 1839ஆம் ஆண்டில் அறிவித்தார். வைகாசி ஆனி மாதங்களில் முன்னிரவிலே தென்சிலுவைக்குக் கிழக்கே நாம் காணும் ஒளி மிக்க இரு மீன்களில் அதிக ஒளியுடையது அதுவே. அது 4.4 ஒளியாண்டுத் தூரத்திலுள்ளது. ஓர் ஒளியாண்டு என்பது 9 இலட்சம் கோடி கிலோமீற்றருக்கும் மேல்.

தூரம் தெரிந்ததும் திரை விலகிற்று. மாசி பங்குனி மாதங்களில் இரவு தொடங்கும்போது தெற்கே நோக்கினால் மேலே சீரியசும் அதன் கீழே அகத்தியரும் நிற்பதைக் காணலாம். சீரியசே ஒளி மிக்கதாய்த் தோன்றும். ஆயின் சீரியசின் தூரம் 8.6 ஒளியாண்டு, அகத்தியரின் தூரம் ஏறத்தாழ 310 ஒளியாண்டு. சீரியசு உண்மையில் நம் சூரியனைப்போல் 25 மடங்கு ஒளிர்கின்றது. அகத்தியரோ ஏறத்தாழ 10,000 மடங்கு ஒளிர்கின்றார்! கண் முதலிடம் கொடுத்தது ஒன்றுக்கு. உண்மை முதலிடம் கொடுத்தது மற்றொன்றுக்கு.

இன்னும் ஒன்று கேளுங்கள். அருந்ததியின் தூரம் ஏறத்தாழ 80 ஒளியாண்டு. நம் பகலவனைக் கொண்டுபோய் அருந்ததியின் பக்கத்தில் நிறுத்தினால் அவன் தரம் 6.8 ஆகும், அதாவது நம் கண்ணுக்கே தோன்றமாட்டான். மணமக்கள் உற்றுத் தேடிக் காணும் அச்சிறு அருந்ததி, உண்மையில் நம் சூரியனைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஒளியுடையது. அதுபோலவே சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள மீன் 1915ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்ட புரொக்சிமா; அது மிகச் சிறிய செம்மீனாதலின் வெறுங்கண்ணுக்குத் தோன்றுவதேயில்லை. அண்மையிலிருப்பதால் மாத்திரம் ஒன்று விளங்கித் தோன்றிவிடாது.

நிறமும் வெப்பமும்

உண்மை ஒளி தெரிந்த பின்னும் பருமன் தெரிந்துவிடவில்லை. பெரிய அடுப்பும் மங்கலாக எரியலாம். சிறிய சுடரும் கூசும்படி எரியலாம். ஆகவே வெப்பத்தை அறியவேண்டும். கொல்லன் உலையிலே இரும்பு முதலிற் சிவக்கும். மேலும் ஊதினால் மஞ்சளாகும். இன்னும் ஊதினால் வெண்மையாகும். விண்மீன்களும் அவ்வாறே. திருவாதிரையும் கேட்டையும் சிவந்தவை, வெப்பம் குறைந்தவை. சூரியன் இடைத்தரமானது. சித்திரை நீலவெண்மையானது, வெப்பம் மிக்கது.

அமெரிக்காவின் ஹார்வாட் வானாய்வகத்திலே ஆனி கனன் என்னும் பெண்மணி, செவிப்புலன் குன்றியவராயிருந்தும், இலட்சக்கணக்கான மீன்களின் நிறமாலைகளை வகைப்படுத்தினார். அந்நிறமாலைகளின் வேறுபாட்டுக்கு வெப்பமே முதற்காரணம் என்பதைக் கணிதத்தால் விளக்கும் சமன்பாட்டை 1920ஆம் ஆண்டில் தந்தவர் வங்கத்தின் மேகநாத சாகா.

சிவந்த மீன் வெப்பம் குறைந்தது. ஆதலால் ஒவ்வொரு சதுர அடியும் குறைந்த ஒளியையே வீசும். அப்படியிருந்தும் ஒரு செம்மீன் ஆயிரக்கணக்கான சூரியன்களின் ஒளியை வீசுமானால் அதன் மேற்பரப்பு மிகமிகப் பெரியதாய் இருக்கவேண்டும். டென்மார்க்கின் ஹேட்சுபுருங் 1905ஆம் ஆண்டில் இவ்வழியே சிந்தித்துச் செம்மீன்களில் இராட்சதரும் குள்ளரும் என இரு வகையினர் இருத்தலைக் கண்டார். அமெரிக்கரான ரசல் 1913ஆம் ஆண்டில் ஒளியையும் நிறத்தையும் ஒரே படத்தில் வரைந்து அதனை உலகறியச் செய்தார். ஆயினும் இவை கணக்கினாற் பெற்ற முடிவுகள். ஒரு விண்மீனின் பருமனை நேரே அளந்தவர் அதுவரை இல்லை.

ஆதிரையின் அளவு

1920ஆம் ஆண்டு டிசெம்பர் 13ஆம் நாள், மார்கழி பிறக்கச் சில நாள்களே இருந்த வேளையில், அமெரிக்காவின் வில்சன் மலையிலே மைக்கல்சன், பீசு என்னும் இருவரின் முயற்சி கைகூடிற்று. அங்கிருந்த 100 அங்குலத் தொலைநோக்கியின் உச்சியில் 20 அடி நீளச் சட்டமொன்றைப் பொருத்தி, அதன் இரு பக்கமும் கண்ணாடிகளை வைத்து, இரண்டினின்றும் வரும் ஒளியை ஒன்றுசேர்த்தனர். ஒன்றுசேர்ந்த ஒளியிலே கோடுகள் தோன்றும். கண்ணாடிகளை மெல்ல மெல்ல அகற்றிச் செல்ல, ஏறத்தாழ 10 அடி இடைவெளியில் அக்கோடுகள் மறைந்தன. அவ்விடைவெளியைக் கொண்டு அம்மீனின் விட்டத்தைக் கணக்கிட்டனர். சூரியனல்லாத ஒரு விண்மீன் நேரே அளக்கப்பட்டது அதுவே முதன்முறை.

அந்த மீன் எது? நம் திருவாதிரையே. மேலையோர் பெற்றல்யூசு என அழைப்பதும் சிவபெருமானுக்குரியதென நாம் போற்றுவதுமான செம்மீன் அது.

அளந்த கோணமோ ஒரு விகலையில் 1000இல் 47 பங்கு. யாழ்ப்பாண நகரில் ஓர் அங்குல அகலமுள்ள நாணயத்தை வைத்து நாயாற்றிலிருந்து பார்த்தால் அந்நாணயம் எவ்வளவு சிறிதாய்த் தோன்றவேண்டுமோ அவ்வளவு சிறிது! அன்று அறிந்த தூரத்தைக் கொண்டு அதன் விட்டம் 24 கோடி மைல் என்றனர். இன்று திருவாதிரை ஏறத்தாழ 500 முதல் 700 ஒளியாண்டுத் தூரத்தில் இருப்பதாகக் கணிக்கின்றனர். அதன்படி அதன் விட்டம் சூரியனைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் அதனை வைத்தால் புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய் ஆகிய நான்கும் அதன் உடலுள் அடங்கிவிடும். அதனுள்ளே கோடிக்கணக்கான சூரியன்களை அடுக்கலாம். ஆயின் அதன் பொருளோ இருபது சூரியனின் அளவைத் தாண்டாது. எனவே அது நாம் மூச்சு விடும் காற்றினும் ஐதான உடம்பினது.

அளந்துவிட்டதால் ஆதிரையின் பெருமை குறைந்ததோ என்று மூத்தோர் சிலர் கேட்கலாம். குறையவில்லை. திருவெம்பாவைக் காலத்து விடியலிலே கோயிலுக்குச் செல்லும் நாம், முன்பு ஒரு சிவந்த புள்ளியையே எண்ணினோம். இன்று பூமியின் வழியையே விழுங்கவல்ல ஒரு பேருருவை எண்ணுகின்றோம்.

சிறியதன் பெருமை

பெரியதைக் கண்டோம், சிறியதையும் காண்போம். சீரியசு சற்றே தள்ளாடிச் செல்வதைக் கண்ட பெசல், கண்ணுக்குத் தெரியாத துணையொன்று அதனை இழுக்கின்றது என்று 1844ஆம் ஆண்டில் கூறினார். 1862ஆம் ஆண்டில் அல்வன் கிளாக் என்னும் அமெரிக்கர் அதனைத் தொலைநோக்கியிற் கண்டார். அதன் நிறையோ சூரியனை ஒத்தது. பருமனோ பூமியை ஒத்தது. அதன் பொருளில் ஒரு தீப்பெட்டி கொள்ளும் அளவு பல பத்துத் தொன் நிறையுள்ளது. வெண்குள்ளன் என்று இதனை அழைப்பர். திருவாதிரையின் விட்டம் இதன் விட்டத்தைப்போல் எழுபதினாயிரம் மடங்குக்கு மேல்.

இவ்வெண்குள்ளருக்கு ஓர் எல்லை உண்டென்று கண்டவர் தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியிற் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு தமது 19ஆவது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போதே அக்கணக்கைத் தொடங்கினார். சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட வெண்குள்ளன் நிலைக்காது. தன் பாரம் தாங்காது மேலும் சுருங்கும் என்றார். 1935ஆம் ஆண்டில் அரச வானியற் கழகத்தின் கூட்டத்திலே பேரறிஞர் எடிங்டன் அம்முடிவை எள்ளி மறுத்தார். அக்கழகமே 63 ஆண்டுகளுக்கு முன் இரகுநாதாச்சாரியாரைச் சிறப்பித்தது. சந்திரசேகர் வாதாடிக் காலங்கழிக்காது தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1967ஆம் ஆண்டில் ஜொசிலின் பெல் என்னும் மாணவி கண்ட துடிப்பு, அவ்வெல்லைக்கும் அப்பாற் சுருங்கிய மீன்கள் உண்டென்பதைக் காட்டிற்று. சூரியனிலும் மிக்க நிறையுடைய அம்மீனின் குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுக்கு வரும் தூரத்தினும் பெரிதாக வேறுபடாதது! 1983ஆம் ஆண்டில் சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை வழமைக்கு மாறாக மங்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு மார்கழித் திருவாதிரை நாளிலும் அது மங்கியே நின்றது. 2020ஆம் ஆண்டு மாசியளவில் அதன் ஒளி வழமையின் மூன்றிலொரு பங்களவாகக் குறைந்தது. வெடித்துச் சிதறப்போகின்றதோ என்று உலகமே நோக்கிற்று. பின்னர் சில மாதங்களில் அது பழைய நிலையை அடைந்தது. அம்மீன் தானே வீசியெறிந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தை மறைத்தது என்று ஆராய்ந்து கூறினர். அம்மாற்றத்தைக் காணத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. வானத்தை நாள்தோறும் நோக்கும் எவரும் வெறுங்கண்ணாலேயே அதனைக் கண்டிருக்கலாம். உலகின் பல பாகங்களிலும் தொழிலாக அன்றி விருப்பினாலே வானத்தை நோக்குவோர் பலர் அதனைக் கண்டு எழுதியும் வைத்தனர்.

இளைஞர்களே! போரும் இடப்பெயர்வும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் கண்ட கரை நமது. பலவற்றை இழந்தோம். ஆயினும் நம் தலைக்கு மேலுள்ள இருண்ட வானம் இன்னும் நமக்கு உள்ளது. பெரும் பட்டினத்தார் பொருள் கொடுத்தும் பெறமுடியாத செல்வம் அது. வீதிவிளக்கு அமைக்கும்போது அதன் ஒளி நிலத்தில் விழும்படி மூடியிட்டு அமைத்தால் அச்செல்வம் நம் பிள்ளைகளுக்கும் எஞ்சும்.

செய்யத்தக்க வேலை பெரிதன்று. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். மார்கழி தொடக்கம் பங்குனி வரை வாரத்துக்கு ஓரிரவு, திருவாதிரையை அருகேயுள்ள ரோகிணியோடு ஒப்பிட்டு, எது ஒளி மிக்கது, எவ்வளவு மிக்கது என்று நாளும் நேரமும் இட்டு எழுதுக. இரண்டும் சிவந்தவையாதலின் ஒப்பிடுதல் எளிது. தனித்து எழுதாது நால்வர் எழுதிப் பின் ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை குறையும். மூத்தோரும் தாம் அறிந்த வெள்ளிகளின் பெயர்களையும் கடலிலே அவற்றைக் கொண்டு பொழுதறிந்த முறையையும் அக்கொப்பியில் எழுதச் செய்க. அவை ஏட்டில் ஏறாதவை. சென்னையிலே இரகுநாதாச்சாரியார் செய்ததும் இத்தகைய பொறுமையான வேலையே: பார்த்தார், ஒப்பிட்டார், எழுதினார், மறுநாளும் பார்த்தார்.

ஒளி மிக்கதெல்லாம் பெரிதன்று, மங்கியதெல்லாம் சிறிதன்று. தூரமும் வெப்பமும் பருமனும் அறிந்த பின்னரே விண்மீனின் தரம் கூறல் தகும். வானம் கற்பிக்கும் இப்பாடம் மண்ணிலும் பயன்படும்.